கல்லாவில் பேசும் பெட்டியும் கடைக்காரர் பேசாமல் காக்கும் சேதிகளும்

மளிகைக் கடை, காய்கறிக் கடை, பெட்டிக்கடை என்று எங்கு சென்றாலும் கல்லாவின் மேல் இன்று இரண்டு புதிய பொருள்களைக் காண்கிறோம். ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் அச்சிட்ட க்யூ.ஆர். அட்டை. மற்றொன்று, வந்த தொகையை உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி. இவ்விரண்டும் நம் தொழிலுக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. ஆயினும் இவை இல்லாத கடையை வாடிக்கையாளர்கள் இப்போது ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

2016 ஏப்ரலில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தொடங்கிய யு.பி.ஐ. முறை, அவ்வாண்டு நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு வேகம் பிடித்தது. 2023 ஆகஸ்டில் மாதம் 1000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது; 2025 ஆகஸ்டில் 2000 கோடியையும் தாண்டியது. 2020 ஜனவரி முதல் இதற்காக வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ஆனதும் இதற்கு ஒரு காரணம். சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது, கிழிந்த நோட்டுத் தொல்லை ஒழிந்தது, மிட்டாயைச் சில்லறையாகக் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்குவதும் நின்றது. இவற்றையெல்லாம் நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியது வேறொன்று உண்டு. இந்தக் கருவிகள் வழியாக நம்மைப் பற்றிப் பிறருக்கு என்ன தெரிகிறது, பிறரைப் பற்றி நம்மிடம் என்ன சேர்கிறது, அதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் அது.

அட்டையில் என்ன இருக்கிறது?

க்யூ.ஆர். கட்டத்தை 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்பவரின் குழு உருவாக்கியது. மோட்டார் உதிரிபாகங்கள் எந்தப் பெட்டியில் எத்தனை உள்ளன என்று கணக்கு வைக்கவே அதைச் செய்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த தொழிற்சாலையில் பயன்பட வேண்டும் என்பதால், ஒரு பகுதி அழிந்தாலும் மீதியைக் கொண்டு படிக்கும்படி அமைத்தார்கள். நம் கடையில் மஞ்சள்தூளும் எண்ணெயும் பட்டும் அட்டை வேலை செய்வதற்கு அதுவே காரணம்.

அந்தக் கட்டங்களுக்குள் பணம் எதுவும் இல்லை. நமது யு.பி.ஐ. முகவரியும் பெயரும் இருக்கும்; அவ்வளவுதான். ஆனால் பல சிறு வணிகர்கள் தம் சொந்தச் செல்போன் செயலியில் வரும் கட்டத்தையே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அத்தகைய முகவரிகள் பலவற்றில் செல்போன் எண்ணே முகவரியின் முன்பகுதியாக இருக்கும். பத்து ரூபாய்க்குக் கருவேப்பிலை கொத்தமல்லி வாங்கியவர் எவரும் அந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஆண்கள் நடத்தும் கடையில் இது பெரிதாகத் தோன்றாது. வீட்டு முன்பகுதியில் இட்லி மாவு விற்கும் பெண்மணியையோ, பூக்கடை வைத்திருக்கும் அம்மாளையோ கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வரும் தேவையற்ற அழைப்புகளைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். வணிகக் கணக்கு என்று தனியே பதிவு செய்து, செல்போன் எண் கலவாத முகவரியுடன் கூடிய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கடையில் கல்லாவைப் பார்ப்பது மனைவியோ மகளோ ஆனால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பெயர் மாறி வருகிறதே!

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ஒரு சேதி வெளியானது. இரவோடு இரவாகச் சிலர் வந்து, கடைகளின் வெளியேயும் பெட்ரோல் பங்கிலும் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டைகளின் மேல் வேறு அட்டைகளை ஒட்டிச் சென்றுவிட்டார்கள். மறுநாள் வியாபாரம் வழக்கம்போல நடந்தது. பணம் மட்டும் வேறொருவர் கணக்கிற்குப் போயிற்று. மருந்துக் கடை ஒன்றில், பணம் செலுத்த வந்த வாடிக்கையாளர் செல்போனைப் பார்த்துவிட்டு, "பெயர் மாறி வருகிறதே" என்று சொன்ன பிறகே விஷயம் புரிந்தது. கண்காணிப்புக் கேமரா அந்த ஆட்களைப் பதிவு செய்திருந்தது உண்மை. ஆனால் கேமராவில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வருவதற்கே ஒரு மனிதரின் வாய்ச்சொல் வேண்டியிருந்தது.

அந்த வாடிக்கையாளர் சொல்லாமலே போயிருக்கலாம். கட்டிவிட்டேன் என்று காட்டிவிட்டு நடந்திருக்கலாம். கடைக்காரரின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்ததும், நின்று சொல்ல மனம் வந்ததும் அங்கே உதவின. நம் கடைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு நம் பெயர் தெரியும்? வங்கிக் கணக்கு அப்பா பெயரிலோ மைத்துனர் பெயரிலோ இருந்தால், திரையில் வரும் பெயர் எதுவானாலும் சரி என்றே எடுத்துக்கொள்வார்கள். கணக்கில் கடைப் பெயரே வரும்படி பதிவு செய்வதும், காலையில் கடை திறந்ததும் நம் செல்போனிலேயே ஒரு முறை அட்டையைப் படித்துப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை. சாமி படத்துக்குப் பூப் போட்டு ஊதுவத்தி கொளுத்தும் நேரத்தில் இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

ஒலிப்பெட்டி வந்த பிறகு ஏமாற்று குறைந்திருக்கிறது. பணம் கட்டியதுபோலவே திரை காட்டும் போலிச் செயலிகள் நடமாடுகின்றன. எனவே அவர்கள் காட்டும் திரையை நம்பாமல் நம் பெட்டி சொல்வதைக் கேட்பதே முறை. கூட்ட நேரத்தில் பெட்டி சொன்ன தொகை யாருடையது என்ற குழப்பம் வருவதுண்டு. கல்லாவில் இருப்பவர் மட்டுமன்றி எடை போடுபவருக்கும் செய்தி வரும்படி ஊழியரின் எண்ணைச் சேர்க்கும் வசதி பல வணிகச் செயலிகளில் இருக்கிறது. "பையனிடம் கணக்கைக் காட்டுவதா?" என்று சில முதலாளிகள் தயங்குகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து சரக்கு இறக்குபவரிடம் சாவியையே கொடுத்திருக்கிறோம். பணம் வந்த சேதியை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சேதியைக் கொண்டு அவரால் பணத்தை எடுக்க முடியாது.

மொத்த வணிகர்களுக்குத் தனியாக ஒன்று. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பெரிய ஆர்டர் கொடுத்து, முன்பணம் அனுப்புகிறோம் என்று ஒரு க்யூ.ஆர். கட்டத்தை அனுப்பி, அதைப் படித்து பின் நம்பரைப் போடச் சொல்லும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் ஒருபோதும் வேண்டியதில்லை. பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றுதான் பொருள். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது என்றாலும், கட்டத்தை அனுப்பி ஏமாற்றும் வழி அடைபடவில்லை. அகப்பட்டுக்கொண்டால் அவமானம் என்று மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

"போன் நம்பர் சொல்லுங்க"

பெரிய அங்காடிகளில் பில் போடும்போது முதலில் கேட்பது இதைத்தான். அவர்களைப் பார்த்து நம்மிலும் பலர் பில் போடும் கணிப்பொறியில் எண்ணைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். எண் கொடுக்காவிட்டால் பொருள் தர மறுக்கிறார்கள் என்று புகார்கள் சேர்ந்ததால், அப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர் அமைப்புகளுக்கு அறிவுறுத்தியது.

ஓர் எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்திலிருந்து பத்திரிகையில் வந்த சேதியைச் சொன்னால் போதும். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்த பெண்களின் எண்களைச் சில கடைகளில் குறித்து வைத்து, 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விலைக்கு விற்றிருக்கிறார்கள். தோற்றத்தைப் பார்த்து விலை நிர்ணயம். வாங்கியவர்கள் அந்தப் பெண்களை அழைத்துத் தொல்லை கொடுத்தார்கள். ரீசார்ஜ் கடையும் நம்மைப் போன்ற சிறு கடைதான். அப்பா, அண்ணன் துணையில்லாமல் ஒரு பெண் பிள்ளை நம்பி வந்து நின்ற இடம்தான்.

எண்ணை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் கல்லா மேல் திறந்தே வைத்து, அதற்குக் கீழே அடுத்தவரைத் தம் கையாலேயே எழுதச் சொல்லும் வழக்கம் நம் கடைகளில் இருக்கிறது. பின்னால் நிற்பவர் முன்னால் எழுதியவரின் பெயர், தெரு, எண் மூன்றையும் படித்துவிட்டே போகிறார். வீட்டுக்குச் சரக்கு அனுப்ப எண் தேவைதான். அதை நாமே எழுதிக்கொண்டு நோட்டை மூடி வைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

அதேபோல் வாட்ஸ்அப் குழு. இன்றைய விலை, புதுச் சரக்கு இவற்றைத் தெரிவிக்க வாடிக்கையாளர்கள் இருநூறு பேரை ஒரே குழுவில் சேர்த்துவிடுகிறோம். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரிந்துவிடும். அதே செயலியில் 'பிராட்காஸ்ட்' என்ற பட்டியல் முறை உண்டு. அதில் அனுப்பினால் அவரவருக்குத் தனியாகச் செய்தி போகும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம் எண்ணைத் தம் செல்போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும் என்பது ஒரு குறை. என்னைக் கேட்டால் அதுவும் நல்லதே. நம் எண்ணைப் பதிந்து வைக்காதவருக்குத் துவரம்பருப்பு விலையைத் தினமும் அனுப்பி என்ன பயன்?

மளிகைக்காரருக்குத் தெரிந்தவை

அமெரிக்காவில் டார்கெட் என்று பெரிய அங்காடி நிறுவனம் ஒன்று உண்டு. அங்கே ஆண்ட்ரூ போல் என்ற புள்ளியியலாளர், பெண்கள் வாங்கும் பொருள்களில் சுமார் 25 பொருள்களைச் சேர்த்துப் பார்த்து, வாங்குபவர் கருவுற்றிருக்கிறாரா என்று கணிக்கும் முறையை உருவாக்கினார். 2012 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் இதை விரிவாக எழுதியது. வாசனையில்லாத லோஷன், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, பஞ்சு உருண்டை என்று வாங்கும் போக்கு மாறினால் கணிப்பொறி கண்டுபிடித்துவிடும். தகப்பனுக்குத் தெரியும் முன் மகள் கருவுற்றதைக் கடை அறிந்துகொண்டது என்று அதில் வந்த ஒரு கதை அப்படியே நடந்ததா என்று பின்னர் சிலர் சந்தேகித்தார்கள். ஆனால் கணக்கு முறை மெய். தம்மை வேவு பார்க்கிறார்கள் என்று பெண்கள் அஞ்சக் கூடாது என்பதற்காக, குழந்தைப் பொருள்களின் விளம்பரத்தோடு புல் வெட்டும் கருவியின் விளம்பரத்தையும் வேண்டுமென்றே கலந்து அனுப்பினார்களாம்.

நம் ஊர் மளிகைக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். கண்டந்திப்பிலி, அரிசித் திப்பிலி, சுக்கு, கருப்பட்டி, பூண்டு என்று ஒரே சீட்டில் வந்தால் அந்த வீட்டில் பேறுகால மருந்து கிண்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கணிப்பொறியா வேண்டும்? மூட்டை அரிசி வாங்கிய வீடு ஐந்து கிலோவாக வாங்க ஆரம்பித்தால் அங்கே சம்பளம் நின்றுவிட்டது. சீனி குறைந்து கேழ்வரகும் வெந்தயமும் கூடினால் யாருக்கோ சர்க்கரை நோய். இரண்டு பிள்ளைகளும் வெளிநாடு போனபின் தனியாக இருக்கும் அம்மாள் கால் கிலோ பருப்பு வாங்குவதிலேயே எல்லாம் தெரிகிறது. கடனை அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்பவரின் குரலிலேயே மருத்துவச் செலவா, சீட்டு எடுத்த தொல்லையா என்று ஊகிக்கிற அண்ணாச்சிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அறிந்ததை அடுத்த வீட்டாரிடம் சொல்லாமல் இருந்ததால்தான் நம் தந்தையார் காலத்துக் கடைகளில் மக்கள் மூன்று தலைமுறையாக வரவு வைத்தார்கள். ஒருவர் கடன் பாக்கியை நாலு பேர் எதிரில் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் கடையின் ஓரமாக அழைத்து, "தம்பி, கணக்கை ஒரு தடவை பார்த்துக்கலாமா?" என்பார்கள். இன்றோ கடன் கணக்கை எழுதும் செல்போன் செயலி, பாக்கி விவரத்தைத் தானாகவே வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. கணவர் வாங்கிய கடன் மகள் கையிலிருக்கும் செல்போனில் போய் விழுகிறது. அந்த வசதி வேண்டாம் என்றால் செயலியின் அமைப்பில் போய் நிறுத்தி வைக்கலாம். தேவைப்பட்டால் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

கணிப்பொறியில் சேர்த்தது நம்மிடமே நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. அதே டார்கெட் நிறுவனத்தில் 2013 இறுதியில் திருடர்கள் புகுந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களை எடுத்தார்கள். அவர்கள் நுழைந்த வழி, அந்த அங்காடிகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒரு ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். நம் நாட்டில் இணையவழி மளிகை விற்கும் பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வந்ததாக 2020 நவம்பரில் சேதி வந்தது. பெயர், வீட்டு முகவரி, செல்போன் எண் எல்லாம் அதில் இருந்தன. பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி. நம் கடைக் கணிப்பொறி பழுதானால் சரிபார்க்க எடுத்துச் செல்பவர் யார், அதற்குள் இருக்கும் பட்டியலை அவர் நகல் எடுத்துக்கொள்வாரா என்று நாம் கேட்பதேயில்லை. பழைய செல்போனை மாற்றும்போது முழுவதும் அழித்துக் கொடுப்பவர்களும் குறைவு. பழைய காகிதமும் இதில் சேர்த்தி. எடைக்கு வாங்கிய தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்த கடலையைத் தின்றுவிட்டுப் பிரித்தால் யாரோ ஒருவரின் ஆதார் நகல் இருக்கிறது. வங்கி விண்ணப்பம் இருக்கிறது. அச்சு மை உணவில் படுவது கேடு என்று 2023 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதை நிறுத்தச் சொன்னது. அதோடு இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"நீயே போட்டுக்க தம்பி"

இத்தனையிலும் நாம் அன்றாடம் சந்திக்கும் சங்கடம் இதுதான். வயதான அம்மாள் செல்போனை நீட்டுகிறார். "எனக்குக் கண்ணு தெரியலை, நீயே போட்டுக்க தம்பி" என்று சொல்லி, பின் நம்பரையும் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்கிறார். நம் கடைப் பையன் நல்லவன், கேட்டதைச் செய்கிறான். நாளை வேறெங்கோ அவர் கணக்கிலிருந்து பணம் போனால் முதலில் சந்தேகம் விழுவது யார் மேல்? வீட்டிலிருந்து மகன் ஓடி வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். பையனின் பெயர் கெட்டால் மீட்டுத் தர எந்தச் செயலியும் இல்லை. ஆகையால், யாருடைய பின் நம்பரையும் நம் ஊழியர்கள் கேட்கவோ போடவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் பாதுகாப்பு.

அதற்காக அந்த அம்மாளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்லி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, நாம் திரும்பி நின்றுகொண்டால் அவரே போட்டுவிடுவார். சிறு தொகைகளுக்கு பின் நம்பரே தேவைப்படாத யு.பி.ஐ. லைட் என்ற வசதி உண்டு. ஒரு தடவைக்கு 1000 ரூபாய், பையில் மொத்தம் 5000 ரூபாய் என்று அதன் வரம்பை 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி உயர்த்தியது. பிள்ளைகள் தம் கணக்கிலிருந்து பெற்றோர் ஓர் அளவுக்குள் செலவழிக்க அனுமதிக்கும் யு.பி.ஐ. சர்க்கிள் முறை 2024 ஆகஸ்டில் வந்தது. ஊருக்கு வரும் மகனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது நோட்டு. கணக்கில் எழுதிக்கொண்டு மாதம் ஒருமுறை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். கல்லாவுக்கு மேலே மாட்டிய கேமரா, பின் நம்பர் போடும் விரல்களைப் படம்பிடிக்கும்படி இருந்தால் சற்றே திருப்பி வைக்க வேண்டும்.

ஒலிப்பெட்டி பேசத் தொடங்கிய பிறகு கல்லாவில் நாம் தலை நிமிர்வது குறைந்துவிட்டது என்று பல வாடிக்கையாளர்கள் சொல்லக் கேட்கிறோம். முன்பு மீதிச் சில்லறை எண்ணும் அந்த அரை நிமிடத்தில், "பெரியம்மா, கால் வலி தேவலையா? பேரனுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று இரண்டு வார்த்தை வரும். இணையத்தில் ஆர்டர் செய்தால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே சரக்கு வருகிற காலத்தில், அந்த அம்மாள் முட்டி வலியோடு நம் கடைக்கு நடந்து வருவது அந்த இரண்டு வார்த்தைக்காகவும்தான். ஏழு நாளாக ஒருவர் வரவில்லையே என்று முதலில் கவனிப்பது பெரும்பாலும் எடை போடும் பையனாகத்தான் இருப்பான். அவனை அனுப்பி விசாரித்து வரச் சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. தரவைத் தக்கபடி பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்ற வாசகத்தைப் பார்த்து நம் உறுப்பினர் பலர் திகைக்கிறார்கள். அது உச்சவரம்பு, தவறின் தன்மையையும் அளவையும் பொறுத்தே தொகை முடிவாகும்.

இந்தச் சட்டத்திலேயே ஒரு கடை எடுத்துக்காட்டாக வருகிறது. மருந்துக் கடையில் பொருள் வாங்கிய ஒருவர், பணம் செலுத்தியதற்கான ரசீதைத் தம் செல்போனுக்கு அனுப்பச் சொல்லித் தாமாகவே எண்ணைத் தருகிறார். கடைக்காரர் அந்த எண்ணை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். எதற்காகக் கொடுத்தாரோ அதற்கு மட்டும் என்பது பொருள். ரசீதுக்குக் கொடுத்த எண்ணுக்குத் தீபாவளிச் சீட்டு விளம்பரம் அனுப்ப வேண்டுமென்றால் தனியே கேட்டுச் சம்மதம் பெற வேண்டும்.

காகிதத்தில் எழுதிய கடன் நோட்டுக்கு இது பொருந்துமா என்று பலரும் கேட்கிறார்கள். கணிப்பொறியிலோ செல்போனிலோ உள்ள தரவுக்கும், காகிதத்திலிருந்து அவற்றில் ஏற்றப்பட்ட தரவுக்குமே இச்சட்டம். பேரேட்டோடு நிற்பவர்களுக்கு இதனால் புதிய கடமை எதுவும் இல்லை. செயலியில் கணக்கு வைத்திருப்பவர்கள், மார்ச் 31ஆம் தேதி கணக்கு முடிக்கும்போது, பாக்கி தீர்ந்து ஊரை விட்டே போனவர்களின் பெயர்களையும் எண்களையும் அதிலிருந்து நீக்கிவிடலாம். வரிக் கணக்குக்கு வேண்டிய பில்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.